எந்த இரு?

நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமை, என்னோடு வேலை செய்யும் அக்சா சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மேல்விஷாரத்தில் அம்மா வீட்டில் நாலு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன். இன்றைக்கு எதைத் தூக்கினேன் என்று சாயங்காலமானால் போனில் ஒப்பிப்பாள், ஏதோ என் வீட்டுப் பரணைக் காலி செய்கிறவள் மாதிரி.

சத்துவாச்சாரியில் எங்களுடையது சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றுக்கு நாங்கள் செய்து கொடுத்த வெப்சைட்டில், எல்லாப் பக்கங்களுக்கும் அடியில் ஓடுவது நான் 2006இல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க். அவசரத்தில் எழுதியது. அதில் ஒவ்வொரு வேலையையும் செய்கிற துண்டுகளான ஃபங்ஷன்களுக்கு வாயில் வந்த தமிழையே ஆங்கில எழுத்தில் பெயராக வைத்துவிட்டேன்: போடு, எடு, மாத்து, இரு.

பிரசவ லீவுக்குக் கிளம்பும்போது எங்கள் முதலாளி நத்தானியேல் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். அக்சா சுத்தம் செய்து அது ஒழுங்காக ஓடினால் வைத்துக்கொள்வார், நானே திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் என்னுடையதைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் ரெடிமேட் லைப்ரரியைப் போட்டுவிடுவார். அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தை மேல் எனக்கு உயிர். அந்த நாற்காலியும் எனக்கு வேண்டும்.

வேலைக்குப் போகிற பேச்சை எடுத்தாலே அம்மா, "இரும்மா, இப்ப இன்னா அவசரம்" என்பாள். கொஞ்ச நாள் பொறு என்கிறாளா, வீட்டோடு இருந்துவிடு என்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்சாவைக் குறை சொல்ல முடியாது. டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பரைக்கூடக் கழற்றிக் கழுவுகிறவள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வாள். பக்கத்தைத் திறந்து பார்ப்பாள், ஓடினால் சேமிப்பாள், பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். அப்படிப்பட்டவள்தான் ஒரு காலையில் அழுகிற குரலில் கூப்பிட்டாள்.

ஆம்பூர் ஃபேக்டரியில் பேக்கிங் செக்ஷனைப் பார்க்கிற நவநீதன், நத்தானியேல் சாரிடம் சத்தம் போட்டிருக்கிறார். ஷூ மாடலைத் தேர்ந்தெடுத்தால் சைஸுக்கு ஒரு புதுக் கட்டம் திறக்கும், கர்சர் தானாக அங்கே போக வேண்டும். போகவில்லை. அவர் அடித்த சைஸெல்லாம் எத்தனை ஜோடி என்கிற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அக்சாவின் புதுக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் ஃப்ரேம்வொர்க்கையே தூக்கிவிடுவதாகச் சார் சொல்லிவிட்டாராம்.

அதற்குள் குழந்தை வீறிட்டது. "இருடி, புள்ளைய தொட்டில்ல போட்டுட்டு வர்றேன்" என்றேன்.

திரும்பி வந்து போனைக் காதில் வைத்தேன். அக்சா மெதுவாகக் கேட்டாள்: "ரஃபத், நீ எழுதின இரு, இப்ப சொன்னியே, இந்த இருவா?"

ஏதோ ஒன்று இருக்கிறதா என்று பார்க்கிற ஃபங்ஷன் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் அந்த ஃபங்ஷன் எதையும் பார்க்கிற மாதிரி இல்லை. காத்திருக்கும் நேரம் பூஜ்யம் என்று மட்டும் இருந்ததாம். உபயோகமில்லாதது என்று அழித்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சைபர்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லடி. கையில இருக்கிற வேலைய முடிச்சிட்டு இதுக்கு வான்னு அர்த்தம்."

கர்சர் போவதற்கு முன் அந்தப் புதுக் கட்டத்தைத் திரையில் வரைந்து முடிக்க, ஆம்பூரின் பழைய பிரவுசருக்கு அந்தக் கண நேரப் பொறுமை தேவைப்பட்டது. அக்சா அந்த 'இரு'வைத் திரும்பப் போட்டாள். மத்தியானம் நவநீதன் சரியாக ஓடுகிறது என்றாராம்.

சாயங்காலம் சாரே கூப்பிட்டார். ஃப்ரேம்வொர்க் இருக்கட்டும், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எப்போது வருகிறாய் என்று கேட்டார். குழந்தை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கும் சாரின் குரல் கேட்டிருக்கும்.

"இரு" என்றாள் அம்மா.

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை வாயை எடுக்கும் வரை நின்றாள். பிறகு அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப சொல்லு, எப்ப வர்றேன்னு" என்றாள்.