வரிசையில் உட்கார்ந்தவள்

"ஏன்டி மணி, மீன் கொழம்பு வாசன தெரு முனைக்கே வருது. இன்னா விசேஷம்?"

செங்கல்பட்டில் கருவாடு விற்றுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் கோவளம் திரும்பிய சம்பூர்ணம், கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே பக்கத்துக் குடிசைக்குள் தலையை நீட்டினாள்.

"சடையண்ணன் குடுத்தாரு அக்கா. ரெண்டு கை நெறைய."

ஜோன்மணி சிரித்தாள். இருபத்திரண்டு நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

அஸ்ஸாமில் பிறந்தவள். எல்லையில் ரோடு போடப் போன தணிகைவேல், எழுபத்திரண்டாம் வருஷம் அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். வேலை முடிந்து ஊர் திரும்பியவன் பழையபடி கடலுக்கே போனான். இந்த ஐப்பசிக் காற்றில் கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரும் பிணமாகத் திருவிடந்தைக் கரையில் ஒதுங்கினார்கள். தணிகைவேல் ஒதுங்கவில்லை.

"சடையனா? சும்மாவா குடுத்தான்? நீ எங்க இருந்தே?"

"அங்க அஞ்சாறு பேரு வரிசையா குந்திகினு இருந்தாங்க. நானும் குந்தினேன். பூவாயக்கா நவுந்து எடம் குடுத்தாங்க."

சம்பூர்ணத்தின் கூடை கீழே விழுந்தது.

"அடிப்பாவி! அது இன்னா வரிசைன்னு தெரியுமாடி உனக்கு?"

வலை கரைக்கு வந்ததும், ஏலத்துக்கு முன்னால், கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்கு வலைக்காரன் சடையன் கையால் ஒரு பங்கு போகும். அவர்கள் உட்காரும் வரிசை அது. அங்கே உட்கார்ந்து கைநீட்டி வாங்கிவிட்டால், புருஷன் போய்விட்டான் என்று பெண்டாட்டியே ஊருக்குச் சொன்ன மாதிரி. மறுநாள் கடலோரம் கூட்டிப்போய் வளையலை உடைத்துத் தாலியைக் கழற்றிவிடுவார்கள்.

சம்பூர்ணம் சொல்லச் சொல்ல ஜோன்மணியின் கை வகிட்டுக் குங்குமத்துக்குப் போனது.

"பசிச்சுது அக்கா. மூணு நாளா தண்ணிதான். யாரும் சொல்லல."

"யாரு சொல்லுவா? நீ மனசு தேறிட்டேன்னு நெனச்சிருப்பாளுங்க. நான் இருந்திருந்தா மயிரப் புடிச்சி இழுத்தாந்திருப்பேன்."

விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர்த்தலைவர் உலகநாதன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, நாளைக்கி மத்தியானம் பொம்பளைங்க வருவாங்க. குளிச்சிட்டு இரு."

"நைனா, அவளுக்குத் தெரியாது. தெரியாம வாங்கிட்டா," என்றாள் சம்பூர்ணம்.

"தெரியாம வாங்கினாலும் வாங்கினதுதான். அவளுக்கு இது நல்லதுதான் சம்பூர்ணம். இனிமே சாவறவரிக்கும் தெனம் பங்கு வரும். இல்லாட்டி யாரு சோறு போடுவா? அவ ஊரு எங்க கீது? நாலு நாளு ரயிலு."

"அவரு வருவாரு," என்றாள் ஜோன்மணி.

"வரட்டும். மறுபடியும் தாலி கட்டட்டும். நானே மேளம் வெக்கிறேன்."

"மீனத் திருப்பிக் குடுத்துட்டா?"

உலகநாதன் சிரித்துவிட்டார். "கொழம்பையா?"

"நாளைக்கு. அதே அளவு."

"உனக்கு மரம் கீதா, வலை கீதா?" அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றது. "சரி. நாளைக்கி வலை வர்றதுக்குள்ள குடு, ஊரு மறந்துரும். ஆனா அப்புறம் பசிக்கிதுன்னு அந்த வரிசைப் பக்கம் வரக்கூடாது. பாத்துக்க."

விடிந்ததும் ஜோன்மணி சம்பூர்ணத்தின் பழைய கூடையோடு முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு நடந்தாள். அவள் ஊரில் பெண்கள் மூங்கில் கூடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்கள். காலால் சேற்றைக் கலக்கி, ஓடிவரும் மீனைக் கூடையில் ஏந்துவார்கள். கோவளத்துப் பெண்கள் மீன் விற்பார்களே தவிர, பிடிக்கத் தண்ணீரில் இறங்கமாட்டார்கள்.

பாலத்தின் மேலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏ அஸ்ஸாம்! திமிங்கலம் மாட்டிச்சா?"

அவள் நிமிரவில்லை. கிடைத்ததையெல்லாம் தன் பாஷையில் எண்ணிக்கொண்டாள். அந்தப் பாஷையில் அவளோடு பேச இந்தக் கரையில் தணிகைவேல் ஒருத்தன்தான் இருந்தான்.

உச்சி வெயிலில் இறாலும் பொடிமீனுமாகக் கூடையைச் சடையன் முன்னால் வைத்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"எங்கிட்ட எதுக்கும்மா? அது அவங்க பங்கு. அவங்களுக்கே குடு."

வரிசையின் கடைசியில் இருந்த பூவாயியின் சட்டியில் கொட்டினாள்.

"நல்லா ரோசன பண்ணியா?" என்றாள் பூவாயி.

"ம்."

"என் ஆளும் கெடைக்கலடி. எட்டு வருஷம் ஆச்சு. பத்து நாளு பாத்தேன். பசி தாங்கல, வந்து குந்திட்டேன். இன்னிக்கும் தூரத்துல ஒருத்தன் நடந்து வந்தா பாக்கறேன். பாத்து இன்னா பண்ண? வந்தாலும் அவன் செத்தவன்தான். நான்தான் சாவடிச்சேன்."

"அப்ப நேத்து ஏன் எடம் குடுத்தீங்க?"

பூவாயி மீனைக் கிளறினாள். "தொணைக்குத்தான். இவளுங்க எல்லாம் பொணத்தப் பாத்தவளுங்க. நான் ஒருத்திதான் பாக்காதவ."

வலை வந்தது. வரிசையில் கைகள் நீண்டன. ஜோன்மணி காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்திருந்தது. தனக்கென்று ஒரு இறால்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

கழிமுகத்துக்கே திரும்பிப் போனாள். அங்கே தண்ணீர் ஏறியிருந்தது. காலையில் இடுப்பளவு இருந்த இடம் இப்போது மார்பளவு. ஒரு வேளைக்குக் கிடைத்தால் போதும் என்று இறங்கினாள். பாலத்தின் மேல் கேலி பேசக்கூட யாரும் இல்லை.