உடையப்பனுக்கு வந்த ரிலீவர்

ஆப்பிரிக்காவின் நடுக்காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த மண் ஓடுபாதை ஒன்று, தன்மேல் இறங்குவதை நிறுத்திவிட்ட சரக்கு விமானத்தைத் தேடிக்கொண்டு அமீரகத்து ராஸ் அல் கைமாவுக்கு வந்து சேர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் விமானத்தின் மூக்குக்கு நேரே மணலில் நீட்டிப் படுத்தும்விட்டது. சிவப்பு மண், இரு பக்கமும் ஈரம் சொட்டும் மரங்கள், முழங்கால் உயரப் புல். அந்த வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்ததால் பக்கத்து சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் கேம்பில் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள்.

விமானத்துக்குக் காவல் இருந்தவன் சிவகங்கைப் பக்கத்து உடையப்பன். கம்பெனி இழுத்து மூடப்பட்டு, விமானிகள் போய், ஆபீஸ் பெயர்ப்பலகையும் போனபிறகு அவன் மட்டும் மிச்சம். செக்யூரிட்டி வேலையில் சேரும்போது முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான்: மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கும்வரை போஸ்ட்டை விட்டு நகரக்கூடாது. அந்த ரிலீவர் வரவே இல்லை. அவனுடைய பாஸ்போர்ட் மேனேஜர் கல்யாணசுந்தரத்தின் பையில் இருந்தது. ஊரில் பிறந்த மகளை அவன் போனில் மட்டுமே பார்த்திருக்கிறான். "பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு அப்பன் முகம் செல்போன் அளவுதானா?" என்று மனைவி கனகா ஒருநாள் கேட்டாள். ஓடுபாதையையும் அதே கம்பெனிதான் அம்போவென்று விட்டிருந்தது. அதனால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. காலையில் அவன் புல்லை வெட்டிவிடுவான். பகலில் அது அவனுக்கு நிழல் தரும்.

விமானம் பழைய இரும்புக்கு விலைபோனதும் கல்யாணசுந்தரம் கிரேனோடு வந்து இறங்கினார். விமானத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்புக்குப் போ, பாஸ்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம் என்றார். எத்தனையோ 'அப்புறம்' பார்த்தவன் உடையப்பன். குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"ரிலீவர் வரட்டும் சார். சாவிய அவன் கையில குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போறேன்."

"எந்த ரிலீவர்யா? கம்பெனியே கலாஸ், முடிஞ்சுபோச்சு!"

"கம்பெனிதான கலாஸ். டூட்டி கலாஸ் இல்லையே."

கிரேன் ஓட்டிய ஹசன் அலி விமானத்தைத் தூக்கினான். சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையும் மரங்களோடு கூடவே எழும்பியது. இறக்கினான், அதுவும் இறங்கியது. மறுபடி தூக்கினான், மறுபடியும் அப்படியே. கடைசியில் "மாஃபி ஃபாயிதா, பாய்", ஒரு பிரயோசனமும் இல்லை என்று இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கல்யாணசுந்தரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "நானே ரிலீவர், போதுமா? சாவியக் குடு!" என்று கத்தினார். உடையப்பன் சாவிக்கொத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினான். பாஸ்போர்ட் அந்தக் கைக்கு வந்த பிறகுதான் சாவி இந்தக் கையைவிட்டுப் போனது. பிறகு முறைப்படி விமானத்தைச் சுற்றிக் காட்டி, டார்ச்சையும் விசிலையும் ஒப்படைத்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தார்ச்சாலையைப் பார்த்து நடந்தான். விசா கேன்சலாகி அந்த மாதமே ஊர் போய்ச் சேர்ந்தான்.

கல்யாணசுந்தரமும் ஷார்ஜாவுக்குக் கிளம்பத்தான் செய்தார். கார் நல்ல வேகத்தில் போனது. சிவப்பு மண்ணும் முடியவில்லை, இரு பக்கத்து மரங்களும் முடியவில்லை. பெட்ரோல் தீர்ந்து அவர் இறங்கியபோது எதிரே விமானத்தின் மூக்கு இருந்தது.

இரண்டு மழைக்காலம் கழித்து அவர் உடையப்பனுக்குப் போன் செய்தார். பேச்சினூடே குரங்குச் சத்தம் கேட்டது. மகளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்த உடையப்பன் சீப்பைக் கீழே வைக்காமலே நலம் விசாரித்தான், புல்லை வாராவாரம் வெட்டச் சொன்னான். "அதெல்லாம் வெட்டுறேன்யா. எனக்கு ரிலீவர் எப்ப வருவான்?" என்றார் அவர்.

"வர்றப்ப வருவான் சார். அதுவரைக்கும் போஸ்ட்ட விட்டு நகராதீங்க."