வால் இல்லாத மீன்

எங்கள் முச்சந்தியில் வண்டிகள் பறக்கும். வேகத்தடை கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன நாங்கள், அனுமதி வாங்கி, ஒரு நாள் சாலையை அடைத்து, நடுவில் பெரிய மீன் ஒன்றை வரைவதென்று முடிவு செய்தோம். வேடிக்கை பார்க்கவாவது மெதுவாகப் போவார்கள் அல்லவா?

வரையத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: தையல்கடை அக்காவும், அவருடைய கொழுந்தனார் சலூன்காரரும். பக்கத்துப் பக்கத்துக் கடைதான். ஆனால் கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்ற தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சில்லை. எனவே ஆளுக்கொரு முனை. தூது போக எலக்ட்ரீஷியன் அகப்பட்டார்.

"அவரு எதுலேருந்து ஆரம்பிக்கிறாராம், கேளுங்க" என்றார் அக்கா.

"தலையிலேருந்துன்னு சொல்லுங்க. தலைதானே நம்ம பொழப்பு!" என்று சலூன்காரர் அங்கிருந்தே கத்தினார்.

தெருக்கோடி வரை கேட்டது. ஆனால் எலக்ட்ரீஷியன் வந்து சொன்னால்தானே அக்காவுக்குச் சேதி! அந்த மனிதரோ, யாரோ கூப்பிட்டார்கள் என்று டீ குடிக்கப் போய்விட்டார். அக்காவும் அலட்டிக்கொள்ளாமல் தலையையே போட்டார்.

நாங்கள் குனிந்த தலை நிமிராமல் செதில்களுக்கு நிறம் தீட்டினோம். சாயங்காலம் மொட்டைமாடியிலிருந்து ஒரு சிரிப்பு.

"ஐயோ, ரெண்டு பக்கமும் தலை! வால் எங்கய்யா?"

எல்லோரும் நிமிர்ந்தோம். சலூன்காரரின் முகம் சிவந்துவிட்டது.

"ஏன் அண்ணி, தலைன்னு நான் கத்தினது கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு. எங்கிட்டயா சொன்னே?"

சொன்ன பிறகுதான் நேருக்கு நேர் பேசிவிட்டது இருவருக்கும் உறைத்தது. அக்கா தூரிகையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார், மூக்கெல்லாம் நீலம். அதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

மீனை அழிக்கலாமா என்ற பேச்சு எழுவதற்குள், மறுநாள் சாலை திறந்ததும் ஒரு வேன் கிறீச்சென்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"ஏங்க, இந்த மீன் எந்தப் பக்கமாப் போகுது?"

அண்ணியும் கொழுந்தனாரும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் கை காட்டினார்கள். வேனுக்குப் பின்னால் நின்ற ஐந்தாறு வண்டிக்காரர்களும் கட்சி பிரிந்து வாதாட ஆரம்பித்தார்கள்.

இப்போது எவரும் அங்கே வேகமாகப் போவதில்லை. சாயங்காலங்களில் ஓரமாக நாற்காலி போட்டு நாங்களும் உட்கார்ந்துகொள்கிறோம். அடுத்த முச்சந்தியில் யானை வரையப் போகிறோம். தும்பிக்கை யாருக்கு என்பதில் அண்ணிக்கும் கொழுந்தனாருக்கும் நேரடியாகவே சண்டை நடந்துகொண்டிருக்கிறது.