முப்பத்தேழாம் நம்பர் கால்

ஜெர்மனியிலிருந்து கூரியரில் திரும்பி வந்த போட்டோவில், ஜோதியின் கணுக்காலைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"இன்னான்னு தெரியுதா?" என்றார் மேனேஜர் மக்பூல் அகமது.

தெரிந்தது. செருப்பு அழகாகத்தான் இருந்தது. வாருக்கு மேலே ஜோதியின் காலில் கறுகறுவென்று ரோமம்.

ஆம்பூரை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் எண்ணூறு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஜோதியின் பாதம்தான் அச்சில் வார்த்த மாதிரி முப்பத்தேழாம் நம்பர். வெளிநாட்டுக்குப் போகும் பெண்கள் செருப்புக்கு அந்த அளவில்தான் சாம்பிள் தைப்பார்கள். தைத்ததை ஒருத்தி காலில் மாட்டி நடக்க வைத்து, எங்கே பிடிக்கிறது, எங்கே கடிக்கிறது என்று கேட்டுத் திருத்துவார்கள். தையல் லைனிலிருந்த ஜோதியை ஆறு மாதமாக அதற்காக சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அவள் மெஷினுக்கே திரும்பிவிட வேண்டும். சாம்பிளோடு போகும் அட்டையில் 'போட்டுப் பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பர்மனென்ட் ஆட்களின் பெயர்தான் அதில் வரும். ஜோதி போட்டுப் பார்த்த அட்டைகளில் அந்த இடத்தில் வெறும் கோடு.

"திங்கக்கெழம ஜெர்மன் கம்பெனி ஹெல்கா மேடமே நேர்ல வர்றாங்க" என்றார் மக்பூல். "நல்லபடியா முடிஞ்சா உன்ன சாம்பிள் ரூம்ல பர்மனென்ட் பண்றேன். காலு கண்ணாடி மாதிரி இருக்கணும். பிளேடு போடாத, மறுநாளே புள்ளி புள்ளியா போட்டோல தெரியும். முடியலன்னா சொல்லிடு, சுந்தரிக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்."

"முடியும் சார்" என்றாள் ஜோதி. எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு பெர்சிஸ் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவள் நர்ஸ். குவைத்தில் இருக்கும் அவள் சித்தி அனுப்பிய, முடியைப் பிடுங்கும் எபிலேட்டர் ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கொண்டுவந்து கொடுத்தாள். சோப்பு டப்பா அளவில் வெள்ளை மெஷின். நீளமான ஒயர். தலையில் ஒரு உருளை, அதில் வரிசையாகக் குட்டிக் குட்டி இடுக்கிகள்.

"ரெண்டு நாள் முன்னாடியே போட்டிருக்கணும்டி. செவப்பு செவப்பா பொரி மாதிரி எழும்பும். ராத்திரிக்குள்ள அடங்கிடும், பயப்படாத. வெந்நீர்ல கழுவி, நல்லா ஈரம் போகத் தொடச்சி, பவுடர் போட்டுக்க. தோல இழுத்துப் பிடி. முடி சாஞ்சிருக்குற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, மெஷின நிமித்திப் பிடிச்சு மெதுவா ஓட்டு."

"வலிக்குமாக்கா?"

"முதல் தடவ என் மாமனார் வரைக்கும் திட்டினேன்" என்று சொல்லிவிட்டு பெர்சிஸ் தூங்கப் போனாள். அவளுக்கு ராத்திரி டியூட்டி.

மதியம் ஒரு மணிக்கு ஜோதி சுவிட்சைப் போட்டாள். மெஷின் குளவி மாதிரி உறுமியது. வலது காலைத்தான் முதலில் நீட்டினாள். கணுக்காலில் வைத்ததும் நூறு எறும்பு ஒரே நேரத்தில் கடித்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றினாள். ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் போகும்போது ஐயோ என்று கத்திவிட்டாள்.

அம்மா ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஆட்டுத் தோலுக்குத்தான் மெஷின் இருக்குன்னு நெனச்சேன். பொம்பள காலுக்கும் வந்துடுச்சா?"

"சும்மா இரும்மா."

ஒன்றே கால் மணி நேரத்தில் வலது கால் முடிந்தது. சிவந்துபோயிருந்தாலும் தடவினால் வழுவழு. ஜோதி சிரித்தாள். இடது காலை நீட்டி இரண்டு இழுப்பு இழுத்தாள். மெஷின் நின்றது. ஃபேனும் நின்றது.

அதே நேரத்தில் தெருக்கோடியில் 'டப்' என்று வெடித்த சத்தம் கேட்டது. டிரான்ஸ்பார்மர். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. கரண்ட் ஆபீசில் விசாரிக்கப் போன தெருக்காரர் ஒருவர் திரும்பி வந்து, "நாளைக்குக் காலையிலதான் ஆள் வருமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு கால் வழுவழு. இன்னொரு காலில் அப்படியே ரோமம். காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன்.

"பிளேடு எடும்மா" என்றாள் ஜோதி.

"பிளேடு இன்னாத்துக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" ஜெயம்மாள் அடுப்படிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தாள். பதினெட்டு வருடமாக, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு போடுகிற வேலை அவளுக்கு. "நீ காலு முடி காலு முடின்னு பொலம்பறியேன்னு நேத்தே கொஞ்சம் கொண்டாந்தேன். தடவி வெச்சா தோல்ல ஒத்த முடி நிக்காது. அப்படியே வழிச்சிடலாம். ஆட்டுக்கே அப்படின்னா உன் காலு எம்மாத்திரம்?"

மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. ஜோதிக்குப் பழகின நாற்றம்தான். தினமும் அம்மாவின் புடவையில் வருவது. ஜெயம்மாள் முழங்கை வரை ரப்பர் உறையை இழுத்து மாட்டிக்கொண்டு, பிரஷ்ஷால் மகளின் இடது கெண்டைக்காலில் ஒரு பட்டை அடித்தாள்.

கை உறை. ஜோதி அதைப் பார்த்தாள். 'அம்மா ஏன் உறை போட்டுக்கொண்டாள்?' என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் கால் எரிய ஆரம்பித்தது.

"அம்மா, எரியுதும்மா!"

"கொஞ்சம் பொறுடி, முடி கழல வேணாமா?"

"அம்மா!"

அந்த அலறலில் பெர்சிஸ் எழுந்து ஓடி வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், நாற்றத்தைப் பிடித்தாள். ஜோதியைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தெருப் பம்புக்கு அடியில் உட்கார வைத்து, கால்மேல் தண்ணீர் கொட்டப் பம்பை அடித்தாள், அடித்தாள், கை ஓயும் வரை அடித்தாள். பிறகு ஜெயம்மாள் பம்பின் பிடியை வாங்கி அடித்தாள், அழுதுகொண்டே. அரை மணி நேரம்.

ரோமம் போயிருந்தது. மேல்தோலும் போயிருந்தது. உள்ளங்கை அளவுக்கு செக்கச்செவேலென்று.

"செத்த தோலுக்குப் போடுறத உயிரோட இருக்குற தோலுக்குப் போடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே பெர்சிஸ் மருந்து வைத்துக் கட்டினாள். "ரெண்டு வாரத்துக்கு இதும்மேல எதுவும் ஒரசக் கூடாது. நாளைக்கு லீவு போடு."

ஜோதி தலையை ஆட்டினாள். மறுநாள் எட்டு மணிக்கு வேனில் இருந்தாள்.

பத்தரைக்கு ஹெல்கா வந்தார். உயரமான, அதிகம் சிரிக்காத பெண்மணி. முதலில் செருப்புகள். சாம்பிள் எல்லாம் வலது காலுக்கு மட்டும்தான் ஒற்றையாகத் தைப்பார்கள். ஜோதி வலது காலை நீட்டினாள். கேமரா மின்னியது. ஹெல்கா முழங்கால் வரை பார்த்துவிட்டு, "குட்" என்றார். மக்பூல் மூச்சு விட்டார்.

'தப்பிச்சேன்' என்று ஜோதி நினைத்தபோது, பேட்டர்ன் மாஸ்டர் ஷபீ அஹமது ஒரு பெட்டியைத் திறந்தார். முழங்கால் வரைக்குமான பூட்ஸ். மூன்று வாரமாக அவர் வெட்டி வெட்டித் திருத்திய டிசைன்.

"இது ஜோடியா தெச்சதும்மா" என்றார் பெருமையாக. "மேடம் நடக்க வெச்சுப் பாக்கணும்னு கேட்டாங்க."

வலது பூட்ஸ் ஏறியது. கட்டு யார் கண்ணிலும் படாதபடி திரும்பி உட்கார்ந்து, ஜோதி இடது பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். கட்டுத் துணிக்கு மேல் பூட்ஸின் தோலை இழுத்து ஜிப்பைப் போட்டாள். தீயை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"நடங்க" என்றார் ஹெல்கா ஆங்கிலத்தில்.

பத்து அடி. ஜோதி எண்ணினாள். நான்காவது அடியில் உதடு தானாகக் கோணியது.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

ஹெல்கா குனிந்து இடது கெண்டைக்காலை விரலால் அழுத்தினார். ஜோதியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஹெல்கா நிமிர்ந்து மக்பூலிடம் விறுவிறுவென்று ஏதோ பேசினார். மக்பூலின் முகம் வெளுத்தது.

"பாய், கெண்டைக்கால் அளவு தப்பாம். இந்த டிசைனே வேணாங்கிறாங்க."

ஷபீ அஹமதின் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. "தப்பா? நூலு வெச்சு அளந்தேனே சார்!"

ஜோதி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி பூட்ஸுக்குப் போகும். அவள் வேலை அவளுக்கு. ஷபீ பாய் தன் பேட்டர்ன் அட்டையை எடுத்து, எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்திருந்தார். இல்லாத தப்பு.

"சார்" என்றாள் ஜோதி. "தப்பு பூட்ஸ்ல இல்ல. என் கால்ல."

ஜிப்பை இறக்கினாள். கட்டுத் துணி நனைந்து ஒட்டியிருந்தது.

"இன்னா இது?"

"மெஷின் பாதில நின்னுடுச்சு சார், கரண்ட் போய். அம்மா ஷாப்புல இருந்து சுண்ணாம்பு கொண்டாந்து…"

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் அது யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமில்லை. "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்திய மக்பூல், ஹெல்கா காத்திருப்பதைப் பார்த்துத் தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹெல்கா குனிந்து அந்தக் கட்டுத் துணியைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஜோதியை உட்கார வைத்தார். இன்னும் கழற்றாத வலது பூட்ஸைத் தொட்டுக் கேட்டார். மக்பூல் தமிழில் சொன்னார்:

"இனிமே பொய் வேணாமாம். இந்தக் கால் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க."

ஜோதி ஷபீ பாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "கெண்டைக்கால் சரியா இருக்கு. ஜிப்பு முடியிற எடத்துல, உள்பக்கம், லேசா கடிக்குது. ஒரு நூல் அளவுதான்."

ஷபீ அஹமது பூட்ஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். "ஆமா சார். லைனிங் மடிப்பு தடிச்சிருக்கு. அரை மணி நேரத்துல எடுத்துடலாம்."

ஹெல்கா தலையசைத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு மை. பேனா சாம்பிள் அட்டையில் திருத்தத்தை எழுதியது, கையெழுத்துப் போட்டது, 'போட்டுப் பார்த்தவர்' கட்டத்தில் போட்டிருந்த கோட்டின் மேல் வந்து நின்றது.

"பெயர்?" என்றார் ஹெல்கா.

எல்லாரும் மக்பூலைப் பார்த்தார்கள். மக்பூல் கட்டுத் துணியைப் பார்த்தார்.

"ஜோதி" என்றார் கடைசியில். "எழுதிக்கங்க மேடம். ஜோதி."

பிறகு இவள் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"ரெண்டு வாரம் கால தரையில வைக்காத. அடுத்த தடவை கரண்ட் போச்சுன்னா அந்த மெஷின எடுத்துக்கிட்டு நேரா இங்க வா. கம்பெனியில ஜெனரேட்டர் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"