ட்ரூடி ப்ளெட்சோவுக்கு இடம் கிடைத்த விதம்

மிசௌரி மாநிலத்தின் வட மூலையில் இருக்கும் ஹார்லன் மேட்டுப் பல்கலைக்கழகத்தில் 2011-ஆம் ஆண்டு சேரப் போன ட்ரூடி ப்ளெட்சோ, 1891-ஆம் ஆண்டு சேர்ந்தாள். சேர்க்கைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

அந்த வருடத்துச் சேர்க்கை விவரம் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது. விண்ணப்பிக்கும் நூறு பேரில் எழுபது பேருக்கு இடம். பெண்கள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. நுழைவுத் தேர்வில் முப்பத்தாறுக்குப் பெரும்பாலோர் இருபத்துநான்கிலிருந்து முப்பதுக்குள். ட்ரூடி வாங்கியது பதினெட்டு. எட்டு வயதிலேயே தொழுவத்துக் கதவைக் கரும்பலகையாக்கிப் பன்றிகளுக்குப் பாடம் எடுத்தவள் அவள். டீச்சர் வேலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா வெர்ன் பன்றிப் பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், மகளிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இடம் கிடைக்காவிட்டாலும் பார்த்துவிட்டாவது வருவோம் என்று, சனிக்கிழமை வளாகம் சுற்றிப்பார்க்கும் கூட்டத்தில் மகளோடு சேர்ந்துகொண்டார்.

சுற்றிக்காட்டும் மாணவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசியபடி பின்பக்கமாக நடப்பார்கள். அந்த நாட்டில் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் அதுதான் வழக்கம். ஹார்லன் மேட்டில் அந்த வேலை கர்டிஸ் ஓக்ஸுடையது. நான்கு வருடப் படிப்பில் அவனுக்கு அது ஆறாவது வருடம். லத்தீனை விட்டுத் தத்துவம், தத்துவத்தை விட்டுத் தாவரவியல் என்று மாறிக்கொண்டே இருந்தான். அத்தனை வருடம் பின்பக்கமாக நடந்ததில் அவனுக்குக் காலத்திலும் பின்னோக்கி ரொம்ப தூரம் போக வந்துவிட்டது. நூலகத்தைத் தாண்டினால் 1987. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்து மனிதராகும் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் இது என்று சட்டசபை அறிவித்த வருடம். உடற்பயிற்சிக் கூடத்தருகே அது வெறும் மாநிலக் கல்லூரி. ஓக் மரத்தடியில் ஆசிரியர் கல்லூரி. மேட்டின் உச்சியில் ஒரே ஒரு செங்கல் கட்டடம், 1891, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. கூட்டத்தில் வந்த பெற்றோர் செல்போனில் சிக்னல் இல்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த தாடிக்காரத் தலைமையாசிரியர் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், இரண்டு வருடம் படித்து முடித்தபின் மாநிலத்துப் பள்ளிகளில் இரண்டு வருடம் பாடம் நடத்துவதாக எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ட்ரூடி இரண்டு பக்கம் வாசித்தாள். காலையிலிருந்து பதினான்கு படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்த வெர்ன், பதினைந்தாவதிலும் படித்துப் பார்க்காமல் போட்டார். கீழே இறங்கி வந்து வண்டிச் சாவியைத் தேடும்போதுதான் மகள் பக்கத்தில் இல்லை என்பது உறைத்தது.

சேர்க்கை அலுவலர் லுவேன் பிராக்கிடம் போய் நின்றார்.

"நாலு வருஷமாம்மா? அதுவும் நூத்தி இருபது வருஷத்துக்கு அந்தப் பக்கமா?"

"நாலு வருஷம் எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான் சார். ஹாஸ்டல் செலவு உங்களுக்கு ரொம்பக் குறைச்சல்."

வெர்ன் வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். மறு சனிக்கிழமை முதல் மகளுக்கான பன்றித்தொடை வறுவலோடு கூட்டத்தில் நின்றார். மற்றவர்கள் அவரை, வாரா வாரம் வந்தும் முடிவெடுக்கத் தெரியாத தகப்பன் என்று நினைத்தார்கள். ட்ரூடியைச் சேர்த்ததால் பல்கலைக்கழகத்தின் சராசரி குறையவில்லை. 1891-இல் சராசரி பார்க்கும் வழக்கமே கிடையாது. இரண்டு வருடத்தில் சான்றிதழ் வாங்கி, பக்கத்து ஓரறைப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு டீச்சரானாள். வெர்ன் வீட்டில் அவள் அறைக்கு வெள்ளையடித்தார், அவள் வரப்போகும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டார். அந்தச் சனிக்கிழமை, கர்டிஸின் பத்தாவது வருடத்தில், மேட்டுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். ட்ரூடி கையில் பெட்டி இல்லாமல் வந்தாள்.

"எழுதிக் கொடுத்த ரெண்டு வருஷம் முடிஞ்சுதுப்பா. ஆனா முன் பெஞ்சுல ஒரு ப்ளெட்சோ இருக்கான். ஆமோஸ். ஏழு வயசு. இன்னும் அவன் பேரே எழுத வரல."

ஆமோஸ் ப்ளெட்சோ வெர்னின் கொள்ளுத்தாத்தா. பண்ணை நிலத்தை வாங்கிய பத்திரத்தில் அவர் கைப்பட எழுதிய பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வெர்னுக்கு அது மனப்பாடம்.

"ஆளு எப்படி?"

"உங்கள மாதிரியேதான். சொன்னாக் கேக்க மாட்டான்."

"அப்ப சீக்கிரம் வராது," என்றார் வெர்ன். "நீ இரும்மா."

பையன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். திங்கட்கிழமை ஊர்க்கடையில் ஏழு வயதுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்தார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். கொள்ளுத்தாத்தாவுக்கு என்றார் வெர்ன். வளருகிற கால், ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர்.