இருபத்தேழாவது வாளி

இருபத்தேழாவது வாளிக்கும் இருபத்தெட்டாவது வாளிக்கும் நடுவில் நாலு நிமிடம் போய்விட்டது. ஏணியில் நின்ற கர்ட்டிஸுக்குக் கால் வழுக்கிவிட்டது. "ஒண்ணும் இல்ல வெர்னாக்கா, ஏணிக்குத்தான் அடி" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவன் அடுத்த வாளியை நீட்டுவதற்குள், குண்டுக் குழாய்க்குள் உருக்கி ஊற்றியிருந்த வெடிமருந்தின் மேல் ஆடை கட்டிவிட்டது, ஆறிய பாலில் கட்டுவது மாதிரி. பித்தளைக் கம்பியால் அதைக் குத்திக் கிளறிவிட்டுத்தான் மேலே ஊற்ற வேண்டும். மற்றவர்கள் மறந்தால் கத்துகிறவளே நான்தான். அன்று நான் கிளறவில்லை.

அவசரம் அப்படி. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. ஈராக்கில் தரைக்கடியில் ஆழமாகப் பதுங்கியிருப்பவர்களை எட்டும் குண்டு எங்களிடம் இல்லையாம். பழைய பீரங்கிக் குழாய்களை அறுத்து இரண்டு வெற்றுக் கூடுகள் செய்து எங்கள் ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். லேசர் காட்டும் புள்ளியில் இறங்கி, கான்கிரீட்டைத் துளைத்து, உள்ளே போய் வெடிக்க வேண்டும். எங்கள் கொட்டகைக்குள் நிற்காத நீளம். ஃப்ளோரிடா மணலில் குழி தோண்டி, நிமிர்த்திப் புதைத்து, கையாலேயே ஊற்றினோம்; இரண்டில் ஒன்று என் பொறுப்பு. இரண்டையும் போர்முனைக்குக் கொண்டுபோக ஓடுபாதையில் சரக்கு விமானம் காத்திருந்தது.

ஆடைக்கடியில் காற்று நின்றால் குண்டு நேரம் தவறி வெடிக்கலாம், அதைப் போடப் போகும் போர் விமானத்தின் வயிற்றுக்கடியிலேயேகூட. மதியம் மேலாளர் ஹாலிஸிடம் போய்ச் சொன்னேன்.

"காத்து நின்னுடுச்சா?"

"தெரியல சார். அடுத்த வாளிச் சூட்டுல கரைஞ்சும் இருக்கலாம்."

"இவ்ளோ தடி இரும்புல எக்ஸ்ரேயும் ஏறாது. நிச்சயமா இருக்குன்னு சொல்லும்மா, நிறுத்திடறேன். மேல நான் பேசிக்கறேன்."

நிச்சயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

ஏற்றுவதற்கு முன் எல்லோரும் சாக்பீஸால் குண்டில் எழுதினார்கள், எப்போதும் எழுதுவதுதான். கர்ட்டிஸ் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. நான் 'பத்திரமாகத் திரும்பி வாங்க' என்று எழுதினேன்.

"குண்டு எங்கக்கா திரும்பி வரும்?"

"அதுக்கு எழுதலடா. ஓட்டறவங்களுக்கு."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கேன்டீனில் ஹாலிஸ் தோளைத் தட்டி, "குண்டு போட்ட ரெண்டு விமானமும் பத்திரமா இறங்கிடுச்சும்மா" என்றார். பொரித்த மீன் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்புறம் குண்டு விழுந்ததை விமானத்திலிருந்து எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சாம்பல் நிற மேடு. ஏதோ விழுந்தது. சில நொடி ஒன்றுமே இல்லை. பிறகு பக்கவாட்டில் இருந்த ஒரு வாசல் வழியாகப் புகை வந்தது. ஆட்கள் போய்வரும் வாசல். கேன்டீனே கைதட்டியது.

"அப்ப இன்னொண்ணு?" என்றேன்.

"குறி தப்பி மண்ணுல போயிடுச்சாம்" என்றார் ஹாலிஸ்.

"நான் ஊத்தினது எது சார்?"

"அத யாரு பாத்தா?"

மூன்று நாளும் விமானத்தில் இருந்தவர்களை மட்டும்தான் நினைத்திருந்தேன். வாசலுக்கு உள்ளே எத்தனை பேர் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மண்ணில் போனதுதான் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று, கைதட்டலுக்கு நடுவே, வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை அடுப்பில் சோளக்கஞ்சி மேலே மட்டும் ஆறி ஆடை கட்டியிருந்தது. கரண்டியை எடுத்தேன். உடைக்கக் கை வரவில்லை. நடுவில் ஒரு குமிழி மெல்ல உப்பியது.