விடுமுறையில் பார்த்த ஊர்

மார்ச் 9, திங்கள். ஒரு தவறு: படிக்கப் போக யோசிக்கும் இரண்டு ஊர்களின் பட்டியலில் சின்ன ஊருக்கு நேரே ‘அமைதி’ என்று எழுதிவிட்டேன். நான் போனது விடுமுறை நாளில்.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள், திறந்தாள்... மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரமிருந்தது. பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் பிறர் பார்வையைச் சரிபார்க்கிறவளுக்கு, தான் பார்த்தது சரியில்லை என்று சொல்லப் பக்கத்து இருக்கைத் தோழி வேண்டியிருந்தது. தோழி அந்தச் சின்ன ஊரிலேயே பிறந்தவள், கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள், “அடிப்பாவி, லீவுல போய்ட்டு அமைதின்னா சொல்ற? காலேஜ் திறந்திருக்கறப்ப வந்து பாரு, நீ தும்முனா அடுத்த தெருவுல மாத்திரை எடுத்து வைப்பாங்க.” அப்படியானால் அந்த மரத்தெரு, வெயில் மட்டும் உட்கார்ந்திருந்த படிக்கட்டுகள், அவளுக்குப் பிடித்துப்போன அத்தனையும் ஊருடையதில்லையா? நூலகம் பூட்டியிருந்தபோதே புரிந்திருக்க வேண்டாமா? தன் கடைக்கு விடுமுறை என்றால் கல்லூரிக்கும் விடுமுறை என்று ஏன் தோன்றவில்லை? சின்ன ஊர்க் கல்லூரியைப் போலவே பெரிய நகரத்துப் பல்கலைக்கழகமும் இடம் தந்திருக்கிறது, அங்கே கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே பேருந்துகள் ஓடின, வழி கேட்டவளுக்கு ஒருவன் நடந்தபடியே கையைக் காட்டினான், முகத்தைக் காட்டவில்லை... அதுவும் பிடித்துத்தானே இருந்தது? நாளை மாலைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும். அக்கா காலையிலேயே குத்திக்காட்டினாள், “செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவ, உன் கையில ரெண்டு ஊரைக் குடுத்தா வெளங்குமா?” மாமா தட்டிலிருந்து தலை தூக்காமல், “பெரிய ஊருன்னா தொலைஞ்சு போவா, சின்ன ஊருன்னா மாட்டிக்குவா, விடு, யோசிக்கட்டும்” என்றார்.

தொலைவது, மாட்டிக்கொள்வது... போன வருடம் கணக்குப் பரீட்சையில் தோற்றபோது கடைக்கு வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள், “இந்தத் தடவ பாஸ் பண்ணிடுவேல்ல?” என்று ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டி முதலில் அவள் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தார், எங்கே ஒளிவது என்று தெரியாமல் அவள் லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தாள்... காலித் தெருவும் பிடித்தது, திரும்பிப் பார்க்காத நகரமும் பிடித்தது, அப்படியென்றால் ஊரின் அளவையா பார்த்தாள், தான் விழுந்தால் வேடிக்கை பார்க்க எத்தனை பேர் என்றல்லவா பார்த்திருக்கிறாள்? ஆனால் பார்க்க ஒருவருமில்லை என்றால், எழுந்து நின்றதையும் யார் பார்ப்பார்கள்...?

ஆசிரியை உள்ளே வந்துவிட்டார். அவசரமாகப் பட்டியலில் இருந்த ‘அமைதி’யைக் கோடிட்டு அடித்தாள். அதற்குப் பதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் இடம் விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்.

நாளை: கடைக்கு லீவு சொல்ல வேண்டும். முதல் பேருந்தில் சின்ன ஊர், கல்லூரி நடக்கும்போது.